நேட்டாலுக்குக் கப்பலேறிய பாட்டனைத் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். இன்று அவர்களுடைய பேரன் பேத்திகள் அங்கிருந்து ஊரைத் தேடுகிறார்கள். இங்கே இருப்பவர்கள் போனவரைத் தேடுகிறார்கள். ஆவணங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனாலும் பலர் தப்பான ஒருவரைத் தாத்தாவாக ஏற்றுக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அதுதான் வருத்தமாக இருக்கிறது.

எடுத்த எடுப்பில் நடக்கும் தவறு, இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாட்டன் பெயரைத் தேடுவது. இங்கிலாந்தில் பழைய கணக்கெடுப்புத் தாள்களை வீடு வீடாக, பெயர் பெயராகப் பார்க்க முடிகிறது என்று கேள்விப்பட்டு, இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். 1871, 1881 கணக்கெடுப்புகளில் இன்று நமக்குக் கிடைப்பது அச்சிட்ட அறிக்கைகளும் அட்டவணைகளும்தான். மாவட்டத்தில் எத்தனை பேர், என்ன தொழில் என்று தெரியும். முனுசாமி யார் என்று தெரியாது. மாதக்கணக்கில் அதில் அலையாதீர்கள்.

தேட வேண்டியது கப்பல் பட்டியலை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடம்பில் இருந்த அடையாளம் என்று வரி நீளும். அந்த எண்ணைத்தான் ‘கலோனியல் நம்பர்’ என்பார்கள். பெயரைப் பிடித்துக்கொண்டு எண்ணை விட்டுவிடுவது இரண்டாவது தவறு. பெயரைச் சொன்னவர் தமிழில் சொன்னார். எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி ஒரு தாளில் மூன்சாமி, இன்னொன்றில் முனிசாமி. அடுத்த தலைமுறையில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடும். அண்ணன் ஒரு குடும்பப் பெயரோடும் தம்பி வேறொன்றோடும் இருப்பதும் உண்டு. எண் மட்டும் அப்படி மாறாது. பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டிருந்தால் அதைப் பிடித்தே கப்பல் வரை போய்விடலாம். ஒரே கப்பலில் நாலு முனுசாமி இருந்தாலும் கவலையில்லை.

ஊர் விஷயத்திலும் அவசரம் கூடாது. ‘மெட்ராஸ்’ என்று கண்டதும் சென்னைவாசி என்று முடிவு கட்டுகிறார்கள். அது கப்பலேறிய இடம். அதேபோல, 1880-களின் ‘வட ஆற்காடு’ இன்றைய வேலூர்ப் பக்கம் மட்டுமல்ல. சித்தூர், சந்திரகிரி தாலுகாக்களும் அதில்தான் இருந்தன. சித்தூர் தனி மாவட்டமானது 1911-ல். தமிழ்நாட்டில் கிராமம் கிடைக்கவில்லையென்றால் ஆந்திரப் பக்கமும் பாருங்கள். கிராமத்தின் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். எழுத்தில் புரியாத ஊர் பல நேரம் காதுக்குப் புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது திருமணப் பதிவு. பதிவான தேதியைக் கல்யாணத் தேதியாக எடுத்துக்கொண்டு குழம்புபவர்கள் ஏராளம். மூத்த பிள்ளை பிறந்து பத்து வருஷம் கழித்துத் திருமணம் பதிவாகியிருக்கும். உடனே ‘இது இரண்டாம் தாரமோ’, ‘சேர்ந்து வாழ்ந்திருப்பார்களோ’ என்று கதை கட்டுகிறார்கள். அங்கே நம் முறைப்படி தாலி கட்டிக்கொண்டு, அரசாங்கத்தில் பதியாமலேயே குடும்பம் நடத்தியவர்கள் நிறைய. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் அந்நாட்டுச் சட்டப்படி செல்லாதவை என்று பொருள்படும்படி தீர்ப்பளித்தார். ஆயிரக்கணக்கான மனைவிமார்களின் நிலை ஒரே நாளில் கேள்விக்குறியானது. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற சத்தியாகிரகத்தில் இந்தக் கொதிப்பும் சேர்ந்திருந்தது. 1914-ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஏற்கெனவே சேர்ந்து வாழும் தம்பதிகள் பதிந்துகொள்ள வழிவிட்டது. ஆகவே 1914-க்குப் பிறகான பதிவில் நடுத்தர வயது மாப்பிள்ளையும் பெண்ணும் இருந்தால், முதலில் கப்பல் பட்டியலைப் பாருங்கள். அடுத்தடுத்த எண்களில் கணவன், மனைவி, கைக்குழந்தை என்று அவர்களே நிற்கக்கூடும். அந்தப் பாட்டியின் பெயருக்கு இல்லாத பழியை நாம் சுமத்த வேண்டாமே.

வயதை நம்ப வேண்டாம். 20, 25, 30 என்று முழு எண்ணாகவே வருவதைப் பார்த்தாலே தெரியும், அது ஆள் பார்த்துப் போட்ட வயது. இரண்டு தாள்களுக்கு இடையே ஐந்து வருஷ வித்தியாசம் இருப்பதால் மட்டும் ஆளை ஒதுக்கிவிடாதீர்கள். தகப்பன் பெயரும் கிராமமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் ஒன்று. எல்லாரும் கூலியாகப் போனவர்கள் அல்ல. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வியாபாரத்துக்கும் வேலைக்கும் போனவர்களும் உண்டு. அவர்களுக்குக் கலோனியல் நம்பர் கிடையாது; கூலிக் கப்பல் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் வரமாட்டார்கள். வீட்டில் கடை, வணிகம் என்று பேச்சு இருந்தால், கடை உரிமம், குடியேற்றத் துறைத் தாள்கள், உயில், சொத்துப் பத்திரம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.