ஆல்பம் வாங்க விடாத கார்டு: நான் சரிசெய்த விதம்

கலைஞர்கள் தங்கள் இசையை விற்கும் அமெரிக்க இணையதளமான பேண்ட்கேம்பில் ஒரு வீணை ஆல்பம், ஏழு டாலர். டெபிட் கார்டு எண்ணை மூன்று முறை போட்டும் பணம் போகவில்லை. கணக்கில் பணம் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புது கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியேதான் வரும், நாம்தான் திறக்க வேண்டும். சரி என்று வங்கிச் செயலியில் கார்டு அமைப்புக்குள் போய் அதைத் திறந்து, வரம்பை ஆயிரம் ரூபாயாக வைத்தேன். இந்த முறை உடனே போனது. வாங்கி முடித்த கையோடு மறுபடி மூடிவிட்டேன். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஒலித்தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்பாகவே இறக்கிக்கொண்டேன். தந்தியை விரல் இழுக்கும்போது வரும் உரசல்கூடக் காதில் விழுகிறது. டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு அதிகபட்சம் 15 சதவீதம்தான். என் ஏழு டாலரில் பெரும்பகுதி வாசித்தவருக்கே போகிறது என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.