நிக்கோ எடோமுராவில் ஒரு நாள்: குழந்தைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு

டோக்குகவா குலத்து ஷோகன்கள், அதாவது ராணுவ ஆட்சியாளர்கள், ஜப்பானை ஆண்ட 1603 முதல் 1868 வரையான காலத்தை எடோ காலம் என்பார்கள். அன்றைய எடோதான் இன்றைய டோக்கியோ. அந்த ஊரின் தெருக்கள், கடைகள், சாமுராய் வீடுகளை டோக்கியோவுக்கு வடக்கே நிக்கோ பக்கத்து மலைகளுக்கு நடுவே மறுபடி கட்டி, 1986-இல் திறந்த பூங்காதான் நிக்கோ எடோமுரா. ரோலர் கோஸ்டர் எதுவும் கிடையாது. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் மறுபடி போகலாம் என்று கேட்கும் இடம் இதுதான்.

படி 1: நாளும் ரயிலும்

புதன்கிழமை விடுமுறை. குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே மூடிவிடுவார்கள் என்பதால், கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தை ஒருமுறை பாருங்கள். டோக்கியோவின் அசகுசா நிலையத்தில் டோபு விரைவு ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கினுகவா ஒன்சென். அங்கிருந்து பஸ். கைக்குழந்தை இருந்தால் முந்தின இரவே கினுகவாவில் தங்கிவிடுங்கள். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர் அது.

படி 2: சோதனைச் சாவடியில் கதை சொல்லுங்கள்

உள்ளே போகும் வழியில் 'செகிஷோ' என்ற சாவடி வரும். அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சாவடிகளில் இரண்டைத்தான் முக்கியமாகத் தேடினார்கள்: எடோவுக்குள் வரும் துப்பாக்கி, எடோவிலிருந்து வெளியேறும் பெண். சிற்றரசர்களின் மனைவி மக்களை ஷோகன் தலைநகரிலேயே பிணைபோல வைத்திருந்தார். அவர்கள் மாறுவேடத்தில் தப்பினால் கலகம் வரும் என்ற பயம். இதைச் சொன்னபோது என் மூத்த மகன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டினான்.

படி 3: முதல் வேலையாக உடை

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். முதல் முறை, காட்சிகளைப் பார்த்த பிறகு உடை மாற்றலாம் என்று தள்ளிப்போட்டோம். மூன்று மணிக்குத்தான் பிள்ளைகள் நிஞ்ஜா உடையில் தெருவுக்கு வந்தார்கள். சீக்கிரமே கழற்ற வேண்டியதாகி, சின்னவள் அழுதுவிட்டாள். அதனால் உள்ளே போனதும் வாடகை உடைக் கடைக்குப் போங்கள். நுழைவுச்சீட்டு போக இதற்குத் தனிக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். உடை மாறியதும் பார்க்க வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். தெருவில் வேடமிட்டு நிற்பவர்களும் அதற்கேற்பப் பேச்சுக் கொடுப்பார்கள்.

கிமோனோவில் இடப்பக்க மடிப்புதான் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. கடையில் சரியாகவே கட்டிவிடுவார்கள். கழிப்பறை போய்வந்த பிறகு நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

படி 4: காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் ஒன்றும் மனதில் நிற்காது. நிஞ்ஜா நாடகத்தைக் கட்டாயம் பாருங்கள். வாள்வீச்சும் பாய்ச்சலும்தான் அதிகம் என்பதால் ஜப்பானிய மொழி தெரியாத பிள்ளைகளும் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். சில அரங்குகளில் காசைக் காகிதத்தில் முறுக்கி மேடைக்கு எறியும் 'ஒஹினேரி' வழக்கம் உண்டு. சில்லறை கையில் இருக்கட்டும். ஓய்ரான் காட்சி அக்காலக் கணிகையர் பற்றியது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தரை சாய்ந்த நிஞ்ஜா வீடு: தலைசுற்றல் உள்ளவர்கள் வெளியே நிற்பது நல்லது.

படி 5: சாப்பாடு

எடோ மக்கள் தெருவோரத்தில் நின்றபடி சாப்பிட்ட சோபா நூடுல்ஸ் இங்கேயும் கிடைக்கும். சைவர்கள் கவனிக்க: காய்கறி மட்டுமே மிதந்தாலும், சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷியில் கொதித்தது. சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்தது அது. நம்முடைய மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. கேட்டுவிட்டு வாங்குங்கள். அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்த டாங்கோ பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் தொண்டையில் ஒட்டும். குச்சியிலிருந்து எடுத்துச் சின்னதாகப் பிய்த்துக் கொடுங்கள்.

உடையைத் திருப்பித் தரும் நேரத்தையும் கடைசி பஸ் நேரத்தையும் காலையிலேயே கேட்டுக் குறித்து வையுங்கள். நிஞ்ஜாக்களின் எறிகத்தியான ஷுரிகனை எறிந்து விளையாடும் இடத்தை விட்டுப் பிள்ளைகளைக் கிளப்ப அரை மணி நேரமாவது ஆகும்.