எலக்ட்ரான் நகர்வதைக் காட்டும் ஜாம் பாட்டில்: வீட்டிலேயே நிலைமின்காட்டி செய்வது எப்படி?

தலையில் தேய்த்த சீப்பைக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே காட்டி விளையாடாத பள்ளிப் பிள்ளை அநேகமாக இருக்காது. நல்ல சோதனைதான், ஆனால் அதில் காகிதம் ஒட்டிக்கொள்வது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், சீப்பில் என்ன நடந்தது, காகிதத்தில் என்ன நடந்தது என்று ஒன்றும் விளங்காது. கடைசியில் "தேய்த்ததால் மின்சாரம் உண்டானது" என்று எழுதி முடித்துவிடுகிறோம். அங்கே புதிதாக எதுவும் உண்டாகவில்லை. ஏற்கெனவே இருந்த எலக்ட்ரான்கள் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கின்றன. அந்த இடமாற்றத்தைக் காட்டித்தரும் கருவிதான் நிலைமின்காட்டி.

இந்த வகையில் முதல் கருவி, 1600-இல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் விவரித்த வெர்சோரியம்: ஒரு முனையின் மேல் தாராளமாகச் சுழலும் உலோக முள். நாம் செய்யப்போவது அதற்குப் பின்னால் 1780-களில் ஆபிரகாம் பென்னட் செய்த தங்க இலைக் காட்டியின் மாதிரி. தங்கத்துக்குப் பதில் சப்பாத்தி சுற்றிவைக்கும் அலுமினியத் தாள் போதும்.

செய்வதற்கு முன் கொஞ்சம் அணு

அதே அலுமினியத் தாளையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு அணுவில் நடுவே அணுக்கரு, அதற்குள் 13 புரோட்டான்களும் 14 நியூட்ரான்களும், வெளியே 13 எலக்ட்ரான்கள். புரோட்டானுக்கு நேர் மின்னூட்டம், எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம், இரண்டின் அளவும் ஒன்றே. 13-க்கு 13 சரியாகப் போய்விடுவதால் தாள் சும்மா கிடக்கும்போது மின்னூட்டம் எதையும் காட்டுவதில்லை. புரோட்டான் எலக்ட்ரானைவிடச் சுமார் 1836 மடங்கு கனமானது, அதோடு அணுக்கருவுக்குள் இறுகிக் கிடக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் வெளியே வராது. ஆகவே நாம் செய்யும் எல்லாச் சோதனையிலும் நகர்வது எலக்ட்ரான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் அதிகமானால் எதிர் மின்னூட்டம், குறைந்தால் நேர் மின்னூட்டம்.

அலுமினியம், செம்பு போன்ற உலோகங்களில் வெளி எலக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமாக இல்லாமல் பொருள் முழுக்க அலைந்துகொண்டிருக்கும். பிளாஸ்டிக்கில் அப்படி இல்லை, வைத்த இடத்தில் கிடக்கும். கடத்தி, கடத்தாப் பொருள் என்று பிரிப்பது இதை வைத்துத்தான்.

தேவையானவை

வாய் அகன்ற கண்ணாடி ஜாம் பாட்டில், பிளாஸ்டிக் மூடியோடு. தகர மூடி என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் அட்டையை வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டியான செம்புக் கம்பி, அலுமினியத் தாள், குளிர்பான ஸ்ட்ரா ஒன்று, கொஞ்சம் மெழுகு, ஒரு முழ நீள பிவிசி குழாய், கம்பளித் துணி. கம்பளி இல்லையா, மெல்லிய டிஷ்யூ காகிதமோ நன்கு உலர்ந்த பருத்தித் துணியோ வைத்துப் பாருங்கள். தலைமுடியில் தேய்ப்பதானால் எண்ணெய் வைத்த தலை உதவாது.

படி 1. மூடியின் நடுவில் ஸ்ட்ரா நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். சூடாக்கிய ஆணி வேண்டியிருக்கும், அதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

படி 2. ஸ்ட்ராவில் இரண்டு அங்குலம் வெட்டி ஓட்டையில் செருகி, அதற்குள் கம்பியை நுழைத்து, மெழுகு உருக்கி ஊற்றி நிறுத்துங்கள். கம்பி மூடியை நேரடியாகத் தொடவே கூடாது. கம்பியின் மேல் பூச்சு இருந்தால் இரண்டு முனைகளிலும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். மோட்டார் சுற்றும் கம்பியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கும், அதனால் எந்தக் கம்பியானாலும் ஒரு முறை தேய்த்துவிடுவது நல்லது.

படி 3. கம்பியின் கீழ்முனையைக் கொக்கி மாதிரி வளையுங்கள். மேல்முனையில் அலுமினியத் தாளைக் கசக்கி, எலுமிச்சைப் பழ அளவுக்கு உருண்டையாக இறுக்கிச் செருகுங்கள். கூரான முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் வழியே மின்னூட்டம் காற்றில் கசியும், அமுக்கிவிடுங்கள்.

படி 4. இதுதான் பொறுமை கேட்கும் வேலை. 4 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்தில் அலுமினியத் தாளில் இரண்டு துண்டுகள் வெட்டி (இவைதான் நம் கருவியின் இலைகள்), நகத்தால் நீவிச் சுருக்கம் எடுத்து, ஒரு ஓரத்தில் சின்ன ஓட்டை போட்டுக் கொக்கியில் தொங்கவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டித் தொங்க வேண்டும், ஊதினால் ஆட வேண்டும். ஒட்டுப் பசையோ டேப்போ போட்டு ஒட்டினால் இலை அசையாது.

படி 5. பாட்டிலை வெயிலில் அரை மணி நேரம் காயவைத்து, உள்ளே ஈரம் துளியும் இல்லை என்று பார்த்தபின் மூடுங்கள்.

சோதித்துப் பார்ப்போம்

குழாயைக் கம்பளியால் விறுவிறுவென்று தேயுங்கள். பிவிசி கம்பளியிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும், எதிர் மின்னூட்டம் பெறும். இப்போது அதை உருண்டைக்கு அருகே மெதுவாகக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். தொடுவதற்கு முன்பே இலைகள் விரியும்! குழாயை விலக்குங்கள், மூடிக்கொள்ளும். குழாயிலிருந்து கருவிக்கு எதுவும் போகவில்லை, உருண்டையில் இருந்த எலக்ட்ரான்களையே குழாய் கீழே விரட்டியது, இரண்டு இலைகளிலும் எலக்ட்ரான் கூடியதால் அவை ஒன்றையொன்று தள்ளின, குழாய் போனதும் எலக்ட்ரான்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன.

அடுத்து, குழாயை உருண்டையின் மேல் அழுத்தி உருட்டித் தேயுங்கள். இந்த முறை குழாயை எடுத்த பிறகும் இலைகள் விரிந்தே நிற்கும், ஏனென்றால் இப்போது எலக்ட்ரான்கள் உண்மையிலேயே இடம் மாறிவிட்டன. எத்தனை இருக்கும்? ஒரு நானோகூலூம் என்கிற சின்ன மின்னூட்டத்துக்கே சுமார் 624 கோடி எலக்ட்ரான்கள் வேண்டும். உருண்டையை விரலால் தொட்டால் அதிகப்படி எலக்ட்ரான்கள் உடல் வழியே போய்விடும், இலைகள் சட்டென்று விழும். விரலுக்குப் பதில் கையில் பிடித்த எவர்சில்வர் கரண்டி, பிளாஸ்டிக் அளவுகோல், உலர்ந்த நூல், நனைத்த நூல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது கடத்தி என்பதை இலையே சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை, தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள். தேய்த்த குழாயை அருகே பிடித்து, தொடாமல், இலைகளை விரியவிடுங்கள். குழாயை அப்படியே வைத்துக்கொண்டு மறுகை விரலால் உருண்டையைத் தொடுங்கள், இலைகள் மூடும். இப்போது முதலில் விரலை எடுங்கள், அப்புறம் குழாயை எடுங்கள். வரிசை மாறினால் பலிக்காது. இலைகள் மறுபடி விரிந்து நிற்கும்! குழாய் விரட்டிய எலக்ட்ரான்கள் விரல் வழியே வெளியேறின, விரலை எடுத்ததும் அவை திரும்ப வழியில்லை, எனவே கருவியில் எலக்ட்ரான் பற்றாக்குறை, அதாவது நேர் மின்னூட்டம். சரி, நேர்தான் என்று எப்படி நம்புவது? தேய்த்த குழாயைத் தூரத்திலிருந்து மிக மெதுவாக அருகே கொண்டுவாருங்கள், இலைகள் சுருங்கும். முந்தைய முறையில், குழாயால் தேய்த்து மின்னூட்டம் கொடுத்திருந்தபோது இப்படிக் கொண்டுவந்திருந்தால் இன்னும் அதிகமாக விரிந்திருக்கும்.

இலை அசையவே இல்லையென்றால்

பத்தில் ஒன்பது முறை காரணம் ஈரப்பதம்தான். மூடியின் மேலும் குழாயின் மேலும் படியும் மெல்லிய ஈரப்படலம் மின்னூட்டத்தை நிற்கவிடாது. சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி மழைநாளில் இதைச் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், காய்ந்த மதிய வேளையோ ஏசி ஓடும் அறையோ பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் இலைகள் கனமாக இருக்கும், இன்னும் மெல்லிய தாளில் வெட்டுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கு அருகே இந்தக் கம்பியைக் கொண்டுபோகவே கூடாது.

கருவி ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்ததும் தேய்க்கவே தேய்க்காமல் ஒரு சோதனை. செலோ டேப்பில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டு எடுத்து, ஒன்றின் முதுகில் மற்றதை ஒட்டி, இரண்டையும் சேர்த்து விரலால் நீவிவிட்டு, விருட்டென்று பிரியுங்கள். தொட்டுப் பிரிந்ததே போதும், ஒன்று எலக்ட்ரானை இழந்திருக்கும், மற்றது பெற்றிருக்கும். நேர் மின்னூட்டம் ஏற்றிவைத்த கருவிக்கு அருகே இரண்டையும் தனித்தனியாக மெதுவாகக் கொண்டுபோனால் ஒரு துண்டுக்கு இலைகள் விரியும், மற்றதற்குச் சுருங்கும். எதற்கு எது என்று குறித்துவைத்துக்கொண்டு, வேறு கடையில் வாங்கிய டேப்பிலும் செய்து பாருங்கள்.