ஐயாயிரம் ரூபாய் சுருக்க கிரீம்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மால் கவுன்ட்டரில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். விற்பனைப் பெண் உங்கள் புறங்கையில் ஒரு சொட்டு சீரம் வைத்துத் தேய்ப்பார். "இப்ப ரெண்டு கையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க மேடம்" என்பார். தேய்த்த கையில் கோடுகள் மங்கி, ஐந்து வயது குறைந்த மாதிரி இருக்கும். பெங்களூரில் மல்லேசுவரத்திலும் சரி, ஒயிட்ஃபீல்டிலும் சரி, பாதிப் பேர் அந்த இடத்திலேயே கார்டை நீட்டிவிடுகிறார்கள்.

முதல் தவறு அதுதான். அந்தப் பளபளப்பு பொய்யில்லை, ஆனால் தோல் மாறியதால் வந்ததும் இல்லை. டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் தோலின் பள்ளங்களில் நிரம்பி மேற்பரப்பைச் சமமாக்குகின்றன. சுவருக்குப் பட்டி பார்ப்பது போலத்தான். கிளிசரினும் ஹயலுரானிக் அமிலமும் நீரைப் பிடித்து மேல்தோலைக் கொஞ்சம் உப்ப வைக்கின்றன. போதாததற்கு, கவுன்ட்டர் விளக்கு நேர் எதிரே இருந்து விழுவதால் சுருக்கத்தின் நிழலே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு கையையும் பாருங்கள். வித்தியாசம் தெரியாது. பில் போடுவதற்கு முன்பே மாலின் கழிவறையில் இதைச் செய்துவிடலாம்.

வறட்சியைச் சுருக்கம் என்று நினைப்பது

ஜனவரி முதல் மார்ச் வரை பெங்களூர் மதியக் காற்றில் ஈரம் வெகுவாகக் குறைந்துவிடும். பல அபார்ட்மென்டுகளில் வருவதோ டேங்கர் தண்ணீர், போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். கடினநீர் சோப்போடு சேர்ந்து தோலில் படிந்து, முகத்தை இழுத்துப் பிடிக்கும். கண்ணுக்குக் கீழே காகிதம் கசங்கியது போல மெல்லிய கோடுகள் வந்தால் வயதாகிவிட்டதென்று பயந்து சீரம் தேடுகிறோம்.

சோதிப்பது எளிது. முகம் கழுவி, ஈரம் முழுதும் காய்வதற்குள் சாதாரண மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். அரை மணி நேரத்தில் மறையும் கோடு வறட்சிக் கோடு. அதற்கு 200, 300 ரூபாய் மாய்ஸ்சரைசரும் சோப்பில்லாத ஃபேஸ்வாஷும் போதும். அப்படியும் நிற்கும் கோடுதான் சுருக்கம். இனிச் சொல்லப்போவதெல்லாம் அதற்குத்தான்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் நைட் கிரீம் வாங்குவது

இது எல்லாவற்றிலும் பெரிய தவறு, பெங்களூரில் இன்னும் பெரியது. சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. சூரியன் ஒன்றுதான், பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் புற ஊதாக் கதிர் இங்கே கொஞ்சம் கூடவே விழும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்பது கணக்கு. ஆனால் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் உறைக்காது. சென்னையில் குடை பிடித்தவர் இங்கே வந்ததும் குடையை மறந்துவிடுகிறார். சுடுவதும் தோலைக் கெடுப்பதும் வேறு வேறு கதிர்கள்.

புற ஊதாக் கதிர்களில் யு.வி.ஏ. எனப்படுவது தோலின் உள்ளடுக்குக்கே போய், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சிதைக்கும். சாதாரணக் கண்ணாடியையும் தாண்டும். 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு புகைப்படம் வந்தது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கரின் முகம் அது. ஜன்னல் பக்கமிருந்த இடக்கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கித் தொங்கியிருந்தது. நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம், ஆகவே டிரைவருக்கு வலக்கன்னம். முன்கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், பக்கக் கண்ணாடியை அப்படி நம்ப முடியாது. பெங்களூர் நெரிசலுக்குப் பெயர்போன சில்க் போர்டு சிக்னலில் தினமும் நிற்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

சன்ஸ்கிரீனுக்கு ஆதரவாக இருக்கும் சான்றுக்கு ஈடாக வேறு எந்த அழகுசாதனப் பூச்சுக்கும் இல்லை. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை இரு குழுவாகப் பிரித்து நான்கரை ஆண்டுகள் கவனித்தார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி, தினமும் பூசியவர்களின் தோல், விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக முதுமையடைந்திருந்தது.

பூசுவோரும் அளவில் தவறுகிறார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளும் அளவுக்கு இரண்டு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். ஏறத்தாழ ஒரு கிராம். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்றால் 50 கிராம் டியூப் 25 நாளில் தீர வேண்டும். உங்கள் டியூப் ஆறு மாதம் வருகிறதென்றால் டப்பாவில் எழுதியிருக்கும் எஸ்.பி.எஃப். 50 என்ற வெயில் தடுப்பு அளவு உங்கள் முகத்தில் இல்லை. அதனால்தான் இங்கே விலை உயர்ந்தது ஆபத்து: இரண்டாயிரம் ரூபாய் டியூப்பை யாரும் தாராளமாகப் பிழிவதில்லை. எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், பிராட் ஸ்பெக்ட்ரம், யு.வி.ஏ. தடுப்பைக் காட்டும் பி.ஏ. குறியீட்டில் மூன்று நான்கு கூட்டல் குறி இருந்தால் மலிவானதே போதும். நம் மாநிறத்தில் வயது முதலில் கோடாக அல்ல, மங்காகவும் திட்டாகவும்தான் வரும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமேற்றிய சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும்.

டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் படிப்பது

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் சட்டம். 2020-ன் ஒப்பனைப் பொருள் விதிகளின்படி ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும்; அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படியும் மாற்றி எழுதலாம். பட்டியலில் ஃபினாக்ஸிஎத்தனால் எங்கே வருகிறதென்று தேடுங்கள். அது கெடாமல் காக்கும் பொருள், பொதுவாக ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்குப் பின்னால் வரும் தங்கத் தூள், முத்துச் சாறு, சுவிஸ் ஆப்பிள் எல்லாம் பெரும்பாலும் பெயருக்குத்தான். சமையலில் பெருங்காயம் போட்ட மாதிரிகூட இல்லை, பெருங்காய டப்பாவைக் காட்டிய மாதிரி. ஆனால் வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினாலை இந்த ஒரு சதவீதக் கணக்கை வைத்து ஒதுக்காதீர்கள். அது ஒரு சதவீதத்துக்குக் கீழேயே வேலை செய்யும்.

"கொலாஜன் கிரீம்" என்று எழுதியிருந்தால் அது ஒரு மாய்ஸ்சரைசர், அவ்வளவே. தோலைத் தாண்டி உள்ளே போக மூலக்கூறின் எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குள் (மூலக்கூறு எடையின் அலகு) இருக்க வேண்டும். கொலாஜன் சுமார் 3 லட்சம் டால்டன். வாசல்படியில் நிற்கும் யானை அது.

சான்று உள்ளவை கொஞ்சம்தான்: ரெட்டினால் குடும்பம், வைட்டமின் சி, நியாசினமைடு (வைட்டமின் பி3-ன் ஒரு வடிவம்). இவற்றிலும் டப்பாவே மருந்தைக் கொல்லும். ரெட்டினால் காற்றிலும் வெளிச்சத்திலும் சிதையும். கனமான கண்ணாடி ஜாடியில், தினமும் விரல்விட்டு எடுக்கும்படி ஐயாயிரத்துக்கு விற்பதைவிட, அலுமினிய டியூப்பிலோ காற்றுப்புகாத பம்ப்பிலோ வரும் அறுநூறு ரூபாய்ச் சரக்கு நம்பகமானது. வைட்டமின் சி, அதாவது எல்-ஆஸ்கார்பிக் அமிலம், 10 முதல் 20 சதவீதமும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 3.5-க்குக் கீழும் இருந்தால்தான் உள்ளே போகும். டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் கெட்டுவிட்டது என்று பொருள், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும்.

கண் கிரீம் பற்றி ஒரு வரி: 15 மில்லி 4,500 ரூபாய் என்றால் மில்லிக்கு 300. அதே கம்பெனியின் முக கிரீமையும் எடுத்து இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், பெரும்பாலும் சகோதரிகள்தான்.

"92 சதவீதப் பெண்கள்" என்பதை ஆய்வு என்று நம்புவது

நட்சத்திரக் குறிக்குக் கீழே பொடி எழுத்தில் பாருங்கள். எத்தனை பேர், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டார்கள்? நாற்பது ஐம்பது பேரிடம் கிரீமைக் கொடுத்து "மென்மையாக உணர்ந்தீர்களா" என்று கேட்டிருந்தால் அது கருத்துக்கணிப்பு. எந்த மாய்ஸ்சரைசருக்கும் அந்தப் பதில் வரும். "சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்கிறது" என்ற சொல்லும் தற்செயல் அல்ல. தோலின் அமைப்பையே மாற்றுகிறது என்று சொன்னால் அது ஒப்பனைப் பொருள் அல்ல, மருந்து. பெரிய பெயர் என்பதும் உத்தரவாதமில்லை: மரபணுக்களைத் தூண்டி இளமை தருவதாகச் செய்த விளம்பரங்களுக்காக லோரியலின் அமெரிக்க நிறுவனம் மீது அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2014-ல் சமரசத்துக்கு வந்தது.

அவசரப்படுவது

நல்ல பொருளை வாங்கிக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான். ஒரே வாரத்தில் ரெட்டினால், வைட்டமின் சி, கிளைகாலிக் அமிலம் மூன்றையும் தொடங்கினால் முகம் எரிந்து உரியும். நம் தோலில் எரிச்சல் ஆறியபின் கறுப்புத் திட்டு விட்டுப்போகும், அது மாதக்கணக்கில் இருக்கும். முதலில் முழங்கையின் உட்பக்கம் இரண்டு நாள் தடவிப் பாருங்கள். பிறகு ரெட்டினாலை மட்டும் இரவில், முகம் நன்றாகக் காய்ந்தபின், பட்டாணி அளவு, வாரம் இரண்டு முறை. இரண்டு மூன்று வாரம் ஒத்துக்கொண்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் விலக்கிவிடுங்கள். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் ரெட்டினால் குடும்பத்தையே தொடக்கூடாது.

இந்தக் குடும்பத்தில் அதிகச் சான்றுள்ள டிரெட்டினாயின் அழகு சாதனமே அல்ல, டாக்டர் சீட்டுடன் மெடிக்கலில் கிடைக்கும் மருந்து. விலையோ மால் சீரத்தின் பக்கத்தில்கூட வராது. ஒருமுறை தோல் டாக்டரைப் பார்க்கும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மூன்றே நாளில் பளபளக்க வைப்பதை நம்புவது

பார்லர் அக்கா லேபிள் இல்லாத டப்பாவில் கொடுத்த கிரீம் மூன்று நாளில் முகத்தை மாற்றினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். கிளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால்தான் அவ்வளவு வேகம் வரும். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, இரத்தக் குழாய் தெரியும், நிறுத்தினால் தீயாக எரியும். பாதரசம் கலந்தவை இன்னும் மோசம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த சிலருக்கு வெளுப்பு கிரீம்தான் காரணம் என்று கண்டறியப்பட்டது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், இறக்குமதிச் சரக்கானால் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் பெயரும் இல்லாத எதையும் முகத்தில் வைக்காதீர்கள். ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் வெளிநாட்டு சீரத்துக்கும் இதே விதி.

அளந்து பார்க்காமல் இரண்டாவது டப்பா வாங்குவது

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வீணாக்க வேண்டாம், அதை வைத்தே சோதியுங்கள். இரவில் இடக்கன்னத்துக்கு விலை உயர்ந்த கிரீம், வலக்கன்னத்துக்குச் சாதாரண மாய்ஸ்சரைசர். காலையில் இரண்டு பக்கமும் ஒரே சன்ஸ்கிரீன். முதல் நாளும் அதன்பின் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் ஒரே ஜன்னல், ஒரே நேரம், முகம் கழுவி அரை மணி நேரம் கழித்து, ஃபில்டர் இல்லாமல் போட்டோ எடுங்கள். தினமும் கார் ஓட்டுபவரானால் விலை உயர்ந்ததை வலக்கன்னத்தில் வையுங்கள், வெயில் வாங்கும் பக்கத்துக்குத்தான் வேலை அதிகம். 12 வாரத்துக்குள் முடிவு சொல்லாதீர்கள். பிறகு எந்தப் பக்கம் எது என்று சொல்லாமல் கணவரிடமோ, மகளிடமோ, நாத்தனாரிடமோ போட்டோக்களைக் காட்டி எந்தக் கன்னம் நன்றாயிருக்கிறது என்று கேளுங்கள். மூன்று பேரில் இரண்டு பேராவது சரியாகக் கைகாட்டாவிட்டால் அடுத்த டப்பா வேண்டாம்.