தூளியிலேயே சொல்லிவிடுங்கள்

எனக்கு விந்தணு இல்லை. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது. மூன்று தடவை எடுத்த டெஸ்டிலும் சுழியம்தான். டோனர், அதாவது தானம் கொடுத்த வேறொருவரின் அணுவை வைத்துச் செய்த மூன்றாவது ஐயுஐயில் (அணுவைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) தங்கியவள் என் மகள். இப்போது ஒன்பது வயது, காட்பாடியில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். எப்போது தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சிகிச்சை எடுத்த இடத்தில் கவுன்சிலிங் என்று பத்து நிமிடம் உட்கார வைத்தார்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க, குழந்தைகிட்டயும் வேணாம், மறந்துடுங்க" என்றார்கள். மறக்கிற விஷயமா அது? பிள்ளை தும்மினால்கூட ஞாபகம் வரும்.

முதல் வேலை, புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து வார்த்தைகளை முடிவு செய்வது. டோனரை 'உண்மையான அப்பா' என்று கோபத்தில்கூடச் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் அவர் 'குடுத்தவர்'. விதை, நிலம் என்கிற பேச்சை நான்தான் ஆரம்பித்தேன். "நான் இன்னா கழனியா?" என்று மனைவி கேட்டாள், அதோடு விட்டுவிட்டேன். அணு என்றால் அணு, அவ்வளவுதான்.

அடுத்தது ஒத்திகை. மூன்று மாதக் குழந்தைக்கு ஒன்றும் புரியாது, அதுதான் வசதி. தூளியை ஆட்டிக்கொண்டே சொல்லிப் பழகினேன்: "நைனாகிட்ட அணு இல்லம்மா. ஒருத்தர் குடுத்தாரு. டாக்டர் அத அம்மா வயித்துல வச்சாங்க. அப்புறம் நீ வந்த." முதல் வாரம் தொண்டை அடைத்தது. ஒரு மாதத்தில் பால் கணக்குச் சொல்வது போல ஆகிவிட்டது. அவள் கேள்வி கேட்கும் வயதுக்கு வந்தபோது என் குரல் சாதாரணமாக இருந்ததற்கு அந்தத் தூளிதான் காரணம். பிள்ளைகள் வார்த்தையைவிடக் குரலைத்தான் கவனிக்கும்.

சீக்கிரம் சொல்வது நல்லது என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது, நான் பிற்பாடுதான் படித்தேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலம்பாக் குழுவினர், கருமுட்டை தானம், விந்தணு தானம், வாடகைத்தாய் வழியாகப் பிள்ளை பெற்ற 65 குடும்பங்களையும் இயல்பாகக் கருத்தரித்த 52 குடும்பங்களையும் பிள்ளைகளின் 20 வயதில் ஒப்பிட்டு 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் வித்தியாசம் இல்லை. ஏழு வயதுக்குள் விஷயம் தெரிந்த பிள்ளைகளுக்கு அம்மாவோடு ஒட்டுதல் கூடுதலாக இருந்தது, அந்த அம்மாக்களுக்கும் பதற்றமும் மனச்சோர்வும் குறைவு. அங்கே பிறந்த பிள்ளைகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளித்து வைக்கும் அம்மாவின் நெஞ்சு படபடப்பதற்கு ஊர் வித்தியாசம் உண்டா?

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மூன்றரை வயதில் வள்ளிமலை போயிருந்தோம். மான் வயிற்றில் பிறந்து வள்ளிக்கிழங்குக் குழியில் கிடந்த வள்ளியை நம்பிராஜன் எடுத்து வளர்த்த கதையைச் சொல்லி, "நீயும் அந்த மாதிரிதான்" என்று ஒரு வரி சேர்த்தேன். ராத்திரி ஒரே அழுகை. "என்னை எந்தக் குழியிலருந்து எடுத்தீங்க?" சமாதானம் செய்ய இரண்டு நாள் ஆனது. புராணத்தில் இந்த மாதிரிப் பிறப்புகளுக்குப் பஞ்சமில்லை, எடுத்துச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஏழெட்டு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சின்னதுக்கு நடந்ததை நடந்தபடி, நாலு வரியில்.

தெரிந்த பிள்ளை வெளியே சொல்லும், அதற்கும் தயாராக இருங்கள். எங்கள் மகள் முதலில் சொன்னது ஸ்கூல் ஆட்டோக்காரரிடம். அதனால் பிள்ளைக்கு வாய் வருவதற்குள், தெரிய வேண்டியவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது மேல். என் அம்மாவிடம் சொன்னபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேத்திக்கு எண்ணெய் தேய்க்க வந்துவிட்டார். பிள்ளையிடம் 'யாருக்கும் சொல்லாதே' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏதோ அசிங்கம் போல என்று எடுத்துக்கொள்ளும். "இது உன் விஷயம், யாருக்குச் சொல்லணும்னு நீதான் பாத்துக்கணும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஆறு வயதில் இதற்குப் பலன் தெரிந்தது. குடியாத்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், விஷயம் தெரிந்த ஒரு உறவுக்காரப் பெண்மணி அவள் கன்னத்தைத் தடவி, "உங்க நைனா இவரு இல்ல, தெரியுமா?" என்றார், விளையாட்டாகவாம். எனக்குக் கை நடுங்கியது. "அது அணு" என்றாள் மகள். அப்புறம் இன்னொரு அப்பளம் கேட்டாள்.

'அப்படியே அப்பன் ஜாடை' என்பவர்களைத் திருத்தப் போகாதீர்கள். "நடை என்னுது" என்பேன் நான். அது நிஜம்தான், என்னைப் போலவே காலைத் தேய்த்து நடப்பாள்.

டாக்டரிடம் மட்டும் மழுப்பக் கூடாது. 'குடும்பத்துல சுகர் இருக்கா, ஆஸ்துமா இருக்கா' என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் என் அப்பாவின் சுகரைச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு அது பொய்யான தகவல். இப்போது 'தந்தை வழி டோனர், விவரம் தெரியாது' என்று நோட்டில் எழுதச் சொல்லிவிட்டோம். அப்புறம் பள்ளியில் ரத்த வகைப் பாடம் ஒரு நாள் வரும். ஓ வகை அப்பாவுக்கு ஏபி வகைப் பிள்ளை பிறக்காது என்று வாத்தியார் கரும்பலகையில் போடும்போதா ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டும்?

சொத்துப் பேச்சு எடுக்கும் உறவினர்களுக்கு 2021ஆம் ஆண்டு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் போதும். இந்த முறையில் பிறக்கும் பிள்ளை அந்தத் தம்பதிக்கே சொந்தப் பிள்ளை, எல்லா உரிமையும் உண்டு; டோனருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது.

இப்போது அவள் கேட்பது, குடுத்தவர் எப்படி இருப்பார் என்று. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1க்குப் பிறகு பதிவான டோனர் என்றால், பிள்ளை 18 வயதில் அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இங்கே அந்த வழி இல்லை. "தெரியாதும்மா, எனக்கும் தெரிஞ்சிக்க ஆசைதான்" என்கிறேன். கதை கட்டுவதில்லை, டாக்டர், இன்ஜினியர் என்று ஒரு ஆளை உருவாக்கி வைத்தால் அப்புறம் அவரை யார் காப்பாற்றுவது?

அதனால் கையில் இருக்கும் காகிதத்தையாவது பத்திரமாக வையுங்கள். சிகிச்சைத் தேதிகள், குடுத்தவரின் ரத்த வகை, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் பீரோவில் ஒரு ஃபைலில் இருக்கின்றன, மேலே அவள் பெயர். போன மாதம் எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோடு போட்ட தாள். ஸ்கெட்ச் பேனாவில் 'கேள்விகள்' என்று தலைப்பு. எங்கள் வீட்டில் எல்லோரும் சப்புக்கொட்டித் தின்னும் முள்ளு கத்தரிக்காயை அவள் மட்டும் தொட மாட்டாள். முதல் கேள்வி: அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்குமா?