குப்பர்டினோ பக்கம் குடிபோகுமுன் நம் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

கலிபோர்னியாவில் குப்பர்டினோ பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, பிள்ளைகளோடு வரப்போகிறோம் என்று சொல்கிறவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" டெக்சாஸிலிருந்து கிளம்பும்போது நாங்களும் அதைத்தான் கேட்டோம். பள்ளிகளுக்கு மதிப்பெண் போடுகிற கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் 10க்கு 10 வாங்கிய பள்ளியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பள்ளிக்காக ஒரு வீடு, அந்த வீட்டுக்காக ஒரு கடன், அந்தக் கடனுக்காக இரண்டு பேர் சம்பளம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அந்த ஒரு எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே இல்லை. அது பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருவது. பெற்றோர் இருவரும் என்ஜினியர்களாக இருக்கிற தெருவில் பிள்ளைகள் தேர்வை நன்றாகத்தான் எழுதுவார்கள். அதை வைத்து வகுப்பறை எப்படி இருக்கிறது, உங்கள் பிள்ளைக்கு அது ஒத்துவருமா என்று எதுவும் சொல்லிவிட முடியாது. இங்கே வருகிறவர்கள் செய்கிற மற்ற தவறுகளில் பாதி இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் விலாசம். பிள்ளை எந்த அரசுப் பள்ளியில் சேரும் என்பதை வீட்டு விலாசம்தான் முடிவு செய்கிறது. ஊர்ப் பெயரை வைத்துப் பள்ளியை முடிவு செய்யாதீர்கள், இங்கே நகர எல்லை வேறு, பள்ளி மாவட்ட எல்லை வேறு. பள்ளி மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்துகிற தனி அமைப்பு. குப்பர்டினோ யூனியன் மாவட்டம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதிலிருந்து ஃப்ரீமான்ட் யூனியன் என்கிற உயர்நிலைப் பள்ளி மாவட்டம், ஆனால் பெயரைப் பார்த்து ஃப்ரீமான்ட் நகரத்தில் வீடு தேடப் போய்விடாதீர்கள், விரிகுடாவின் கிழக்குப் பக்கம் இருக்கிற அந்த நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த மாவட்டத்தின் ஃப்ரீமான்ட் ஹைஸ்கூல் இருப்பது சன்னிவேலில். எல்லோரும் தேடுகிற லின்புரூக் ஹைஸ்கூல் இருப்பது சான் ஹோசேயில். பக்கத்து ஊரான சாரடோகாவின் விலாசம் போட்ட வீடு சாரடோகா ஹைஸ்கூலுக்குப் போகலாம், வேறொரு மாவட்டத்தைச் சேர்ந்த ப்ராஸ்பெக்ட் ஹைஸ்கூலுக்கும் போகலாம், சில தெருக்கள் குப்பர்டினோ பக்கத்துப் பள்ளிகளில் சேரும். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கிற பள்ளிப் பெயருக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மாவட்டத்தின் இணையதளத்தில் கதவு எண் வரை போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தங்கள் வீடு தெருவின் "அந்தப் பக்கம்" இருக்கிறது என்று தெரிந்துகொண்டது.

எல்லை இன்று சரியாக இருந்தாலும் அது நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். வீட்டு விலை ஏற ஏற இளம் குடும்பங்கள் வர முடியாமல் போய், மாணவர் எண்ணிக்கை குறைந்து, குப்பர்டினோ யூனியன் மாவட்டம் 2022இல் ரெக்னார்ட், மேயர்ஹோல்ட்ஸ் என்ற இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடியது. பிள்ளை நடந்தே போகலாம் என்று அந்தப் பள்ளிகளுக்கு அருகில் வீடு வாங்கியவர்களும் இருந்தார்கள்தானே. அப்புறம், சொந்தக்காரர் விலாசத்தைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்கிற யோசனை வேண்டவே வேண்டாம். வாடகை ஒப்பந்தம், மின்சார பில் எல்லாம் கேட்பார்கள், சரிபார்ப்பார்கள், மாட்டிக்கொண்டால் வருட நடுவில் பள்ளியை விட்டுப் போகவேண்டியது பிள்ளைதான்.

இதைவிட முக்கியமான ஒன்று. நம்மில் பலர் "நல்ல ஹைஸ்கூலில் சேர்த்துவிட்டால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் கிடைத்துவிடும்" என்று கணக்குப் போடுகிறோம். கணக்கு அப்படி ஓடுவதில்லை. அந்தப் பல்கலைக்கழகம் 2020இல் எடுத்த முடிவுக்குப் பிறகு, சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. என்கிற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு உத்தரவாதம் உண்டு: தன் பள்ளியின் முதல் 9 சதவீதத்துக்குள் வருகிறவருக்கு, இடம் இருக்கிற ஏதாவது ஒரு வளாகத்தில் சேர்க்கை. அந்த 9 சதவீதம் அந்தந்தப் பள்ளிக்குள் போடுகிற கணக்கு. வகுப்பில் பாதிப் பேர் ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்குகிற பள்ளியில், வேறு ஊரில் முதல் வரிசையில் நின்றிருக்கக்கூடிய உங்கள் மகள் நடுவில் நிற்பாள், அதோடு தான் சுமார்தான் என்று நம்பவும் தொடங்கிவிடுவாள். என் கவலை அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான். பக்கத்து பாலோ ஆல்டோவில் 2009இலும் மறுபடி 2014-15இலும் அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2016இல் வந்து ஆராய்ந்தது. இப்படிப்பட்ட துயரத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த வீட்டுப் பெற்றோர்களும் நம்மைப் போலப் பிள்ளையின் நன்மையை நினைத்து வந்தவர்கள்தான் என்பதை நான் மறப்பதில்லை. வருவதற்கு முன் பிள்ளையிடம் பேசுங்கள். வந்த பிறகு தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் இந்த மூன்றையும் மதிப்பெண்ணைவிடக் கவனமாகப் பாருங்கள், பள்ளியில் கவுன்சிலர் இருப்பார், மன நெருக்கடிக்கான உதவி எண் 988, எந்த நேரமும் அழைக்கலாம். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற சமுதாயக் கல்லூரிகளில் இரண்டு வருடம் படித்துவிட்டுக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிற வழியும் இருக்கிறது. டேவிஸ், இர்வைன், சாண்டா பார்பரா உட்பட அதன் ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை முடித்தவருக்கு எழுத்திலேயே இட உறுதி கொடுக்கின்றன. இதைக் கேவலமாக நினைக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

சரி, வீடு. வந்த வருடமே வாங்காதீர்கள். ஒரு வருடமாவது வாடகைக்கு இருங்கள். வாடகையிலும் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது, ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் சின்ன உரிமையாளர்கள் இரண்டு மாதம் வரை கேட்கலாம். வாடகை உயர்வுக்கு மாநிலச் சட்டத்தில் வருடத்துக்கு 10 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது, ஆனால் தனி மனிதர் பெயரில் இருக்கும் தனி வீடுகள் பெரும்பாலும் அதற்குள் வராது. பள்ளிக்காகத் தனி வீட்டை வாடகைக்கு எடுத்து, அடுத்த வருடமே உரிமையாளர் விற்கப்போகிறேன் என்று சொல்லித் திண்டாடியவர்கள் நிறைய. எவ்வளவு காலம் தருவீர்கள் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எங்களைத் தடுமாற வைத்தது சொத்து வரி. விளம்பரத்தில் இந்த வீட்டுக்கு வரி வருடம் 5,000 டாலர் என்று இருக்கும். அது விற்கிறவர் கட்டுகிற வரி. 1978இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13ஆம் பிரேரணைப்படி, வாங்கிய விலையில் 1 சதவீதம் அடிப்படை வரி, அந்த மதிப்பு வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். 1985இல் 2 லட்சம் டாலருக்கு வாங்கியவருக்கு இன்று ஏறக்குறைய நாலரை லட்சம் டாலர் மதிப்புக்குத்தான் வரி. அதே வீட்டை நீங்கள் 30 லட்சத்துக்கு வாங்கினால் உங்கள் கணக்கு 30 லட்சத்திலிருந்து தொடங்கும், உள்ளூர்ப் பள்ளிகளுக்காக வெளியிட்ட கடன் பத்திரங்களுக்கான வரி எல்லாம் சேர்ந்து வருடம் 35,000 டாலர் பக்கம் போகும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐயாயிரம்தான் கட்டுகிறார், நீங்கள் முப்பத்தைந்தாயிரம், இரண்டும் சட்டப்படி சரி. இதற்கு மேல், வாங்கிச் சில மாதம் கழித்துப் பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் துணை வரி பில் ஒன்று தனியாக வரும். ஜனவரி முதல் மே வரை வாங்கியிருந்தால் இரண்டு வரலாம். இதைப் பொதுவாக வங்கி, தவணையோடு வரிக்காகப் பிடித்து வைக்கிற கணக்கிலிருந்து கட்டாது, நீங்கள்தான் கட்ட வேண்டும். எங்களுக்கு ஏஜென்ட் சொல்லவில்லை, வங்கியும் சொல்லவில்லை. விளம்பரக் கடிதம் என்று நினைத்து அந்த உறையை ஓரமாக வைத்துவிட்டோம், பிறகு 10 சதவீத அபராதத்தோடு கட்டினோம். வழக்கமான வரிக்கு டிசம்பர் 10, ஏப்ரல் 10 கடைசி நாட்கள், காலண்டரில் போட்டு வையுங்கள். புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில், முக்கியமாக இர்வைன் போன்ற தெற்குக் கலிபோர்னியா ஊர்களில், மெல்லோ-ரூஸ் என்று இன்னொரு வரியும் சேரும். 1982 சட்டத்தில் வந்தது, சாலைக்கும் பள்ளிக்கும் வாங்கிய கடனை வீட்டுக்காரர்கள் பல வருடம் அடைப்பது.

வீடு கிடைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் ஒப்பந்தத்தின் பாதுகாப்பு நிபந்தனைகளை எல்லாம் விட்டுக்கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. குறைவான விலை போட்டு விளம்பரம் செய்து, பத்துப் பேரை மோதவிட்டு, சில லட்சம் கூடுதலாக விற்பார்கள். விட்டுக்கொடுத்த பிறகு கடன் கிடைக்காமல் போனாலோ, குறை கண்டு பின்வாங்கினாலோ, முன்பணம் போகும். அது பெரும்பாலும் விலையில் 3 சதவீதம், 30 லட்சத்து வீட்டுக்கு 90,000 டாலர். விற்பவர் கொடுக்கிற ஆய்வறிக்கைக் கட்டை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தாவது படியுங்கள். இங்கே பல வீடுகள் 1950, 60களில் கட்டியவை. அஸ்திவாரம், சாக்கடைக் குழாய், கரையான், பழைய மின்பலகை, இந்த நாலும் பெரிய செலவு.

காப்பீட்டைக் கடைசியாகப் பார்க்கிற தவறு இப்போது ரொம்ப ஆபத்தாகிவிட்டது. காட்டுத்தீ இழப்புகளுக்குப் பிறகு, மாநிலத்தின் மிகப்பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதம் புதிய விண்ணப்பங்களையே நிறுத்தியது. சாரடோகா, லாஸ் கேட்டோஸ் மலைப்பக்கத்து வீடு பார்க்க அழகாக இருக்கும், காப்பீடு எத்தனைக்குக் கிடைக்கும் என்று விலை சொல்வதற்கு முன்பே கேளுங்கள். நிலநடுக்கம் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வராது, தனியாகத்தான் எடுக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் எடுப்பதில்லை. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு மேற்கு மலையோரமாகப் போகிறது, ஹேவர்ட் பிளவு ஃப்ரீமான்ட் வழியாகவே போகிறது. எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, ஆனால் தெரிந்து எடுக்கிற முடிவாக இருக்கட்டும்.

சம்பளக் கணக்கில் நான் பார்க்கிற பெரிய தவறு, கம்பெனி தருகிற பங்குகளை மாதச் சம்பளம் மாதிரி எண்ணிக் கடன் வாங்குவது. பங்கு பாதியாக இறங்கிய வருடங்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. டெக்சாஸ், வாஷிங்டன் மாநிலங்களைப் போல மாநில வருமான வரி இல்லாத இடத்திலிருந்து வருகிறவர்கள் கவனியுங்கள்: அங்கே இருந்தபோது ஒதுக்கிய பங்காக இருந்தாலும், இங்கே குடிவந்த பிறகு கைக்கு வந்தால் கலிபோர்னியா வரி உண்டு. பங்கு விற்ற லாபத்துக்கும் இங்கே தனிச் சலுகை விகிதம் கிடையாது. எச்-1பி விசாவில் இருக்கிற குடும்பம் என்றால் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. வேலை போனால் வேறு வேலை பிடிக்கவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ பொதுவாக 60 நாள்தான் அவகாசம். அந்த அறுபது நாளில் 30 லட்சம் டாலர் வீட்டை என்ன செய்வோம் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிப் பதில் ஒன்றை எழுதி வைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் அதைப் பேசாமல் வாங்கி அல்லாடினார்கள், அவர்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

குப்பர்டினோவுக்கு ரயில் கிடையாது. இங்குள்ள பல மாவட்டங்களில் பொதுவான மாணவர்களுக்குப் பள்ளிப் பேருந்தும் கிடையாது. தினம் காலையில் கொண்டுவிட்டு, மத்தியானம் கூட்டிவருவது உங்கள் வேலை, வாரத்தில் ஒரு நாள் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். பள்ளிக்குப் பிறகு பார்த்துக்கொள்கிற இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம், வீடு முடிவானதுமே பெயரைக் கொடுத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் எடுத்து வாருங்கள், பெற்றோர் விருப்பம் என்று சொல்லி விலக்குக் கேட்க 2016இலிருந்து வழியில்லை. சின்னம்மைக்கு இரண்டு டோஸ் போட்டதற்குச் சான்று கேட்பார்கள். வேறு மாநிலத்திலிருந்து காரோடு வந்தால் 10 நாளுக்குள் ஓட்டுநர் உரிமம், 20 நாளுக்குள் வண்டிப் பதிவு. தமிழ் விட்டுப்போகுமே என்ற கவலை மட்டும் வேண்டாம், கலிபோர்னியா தமிழ் அகாடமி 1998இலிருந்து வாரக்கடைசி வகுப்புகள் நடத்துகிறது.

கடைசியாக, ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மா. வீடு பார்க்கும்போது அவர்களை நாங்கள் நினைக்கவே இல்லை. மலையோரத்தில் அமைதியான தெரு, பெரிய தோட்டம் என்று பார்த்தோம். அம்மா வந்து ஐந்து மாதம் இருந்தார், கார் ஓட்டத் தெரியாது, நடந்து போக ஒரு இடமில்லை, நாங்கள் வேலைக்குப் போனபின் சாயங்காலம் வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். நூலகத்துக்கோ பூங்காவுக்கோ நடந்துபோகிற தூரத்தில் வீடு எடுத்த நண்பர்களின் பெற்றோர், காலையில் நடக்கப் போய் நாலு பேரைப் பழகிக்கொண்டு, அடுத்த வருடமும் வருகிறேன் என்று சொல்லிப் போனார்கள். வீடு பார்க்கப் போகிற அன்று காரை அங்கேயே நிறுத்திவிட்டு, வார நாள் காலை பத்து மணிவாக்கில், ஒரு மணி நேரம் அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள்.