விறைத்த தோல் உறையை வழிக்குக் கொண்டுவந்த விதம்

கும்பகோணத்தில் நாடக போலீஸ் வேஷத்துக்கு வாங்கிய பழைய மாடல் துப்பாக்கி உறை, பலகை மாதிரி விறைத்திருந்தது. டம்மி துப்பாக்கி பாதிக்கு மேல் இறங்கவில்லை.

முதலில் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்வரை பழுப்பென்றால் ஆவாரம்பட்டை மாதிரி பட்டையில் பதனிட்ட தோல். தண்ணீரில் வடிவம் பிடிக்கும். நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல், இந்த வேலை பலிக்காது.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் முக்கினேன். குமிழி அடங்கியதும் எடுத்துவிட வேண்டும், ஊறினால் தொளதொளத்துவிடும். டம்மியை பிளாஸ்டிக் கவரில் இரண்டு சுற்று சுற்றிச் செருகி, விசை வளையம் இருக்கும் இடத்தை ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்தினேன். பிறகு நிழலில், ஃபேன் காற்றில் ஒரு நாள். ஐப்பசி ஈரத்தில் இரண்டு நாளாகும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோலில் வெடிப்பு விழும்.

காய்ந்த பிறகுதான் எண்ணெய். நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) அரை டீஸ்பூன், துணியில் தொட்டு, வெளிப்புறம் மட்டும். மூடி மடியும் இடத்துக்கு இன்னொரு தடவை. கூடிப்போனால் பிடித்த வடிவமே போய்விடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: தோல் கறுக்கும், மார்கழிக் குளிரில் வெள்ளை வெள்ளையாக உறையும்.

மூடியை மாட்டும் பித்தளைக் குமிழில் பச்சைக் களிம்பு ஏறும். அவ்வப்போது துடைத்தால் போதும்.